வகுப்புக்கு வெளியே கழியும் மணித்தியாலங்கள்: தொண்டுப் பணி கிழக்கின் பல்கலைக்கழக மாணவரை எப்படி மாற்றுகிறது?

கிழக்கிலங்கையின் பல்கலைக்கழகங்கள் இருக்கும் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பிள்ளைக்கு இடம் கிடைத்த வீடுகளில், முதல் வருடம் முடிவதற்குள் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. சனிக்கிழமை வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளை இரத்ததான முகாம் என்கிறது. அடுத்த கிழமை கடற்கரைத் துப்புரவு, அதற்கடுத்த கிழமை சங்கத்தின் கூட்டம். "படிக்கத்தானே அனுப்பினோம்" என்கிறார்கள் பெற்றோர். விரிவுரையாளர்களும் வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் அதற்கு நேர்மாறாகப் பேசுகிறார்கள்: வெறும் பட்டம் போதாது, தலைமைத்துவம் வேண்டும், பேசத் தெரிய வேண்டும். இதற்கிடையில் ஒவ்வொரு வடகீழ்ப் பருவமழைக்கும் மாணவர்கள் உலர் உணவுப் பொதி கொடுக்கும் படங்கள் முகநூலில் நிறைகின்றன. 'இது தொண்டா, விளம்பரமா?' என்ற சண்டையும் கூடவே வருகிறது.

எல்லாத் தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பிரித்தெடுக்க, இந்தப் பணிகள் எவை, அவற்றால் ஒருவர் வளர்கிறார் என்றால் அது எந்த வழியில் நடக்கிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

எவையெல்லாம் இதில் அடங்கும்?

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் மட்டக்களப்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் அதனுடன் சேர்ந்ததே. அம்பாறை மாவட்டத்தில், 1995இல் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் இயங்குகிறது. மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றில் வகுப்புக்கு வெளியே நடப்பவை ஏறக்குறைய நான்கு வகை:

1. மாணவர் ஒன்றியமும் பீட ஒன்றியங்களும். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டமே இவற்றுக்கு இடம் கொடுக்கிறது. தேர்தல் உண்டு, அரசியலும் உண்டு.

2. தமிழ்ச் சங்கம், இந்து மன்றம், முஸ்லிம் மஜ்லிஸ், பாட வாரியான சங்கங்கள், நாடகக் குழுக்கள், விளையாட்டு அணிகள்.

3. வெளி அமைப்புகளின் கிளைகள்: ரோட்டரக்ட், லியோ, செஞ்சிலுவை, சென் ஜோன் அம்புலன்ஸ் போன்றவை.

4. பெயரும் கடிதத் தலைப்பும் இல்லாதவை. ஒரே தொகுதி நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஓர் ஊர்ப் பாடசாலைக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுப்பது, வெள்ளத்தில் மூழ்கிய வீட்டைக் கழுவிக் கொடுப்பது. படம் குறைவாகவும் வேலை அதிகமாகவும் இருப்பது பெரும்பாலும் இந்த வகையில்தான்.

இவற்றோடு சேர்க்கக்கூடாத ஒன்றும் உண்டு. நிரந்தர நியமனம் கிடைக்கும் என்று நம்பி வருடக்கணக்கில் சம்பளமின்றிப் பாடசாலைகளில் உழைத்த தொண்டர் ஆசிரியர்களின் நிலைமை வேறு. அது தொழில் உரிமை பற்றிய பிரச்சினை. மாணவர் தன் விருப்பத்தில் ஓய்வு நேரத்தைக் கொடுப்பதோடு அதைக் குழப்பினால் இரண்டுக்கும் நியாயம் கிடைக்காது.

மாணவர் தொண்டு நமக்குப் புதியதுமல்ல. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தோலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்று நடத்திய முகாமே பின்னாளில் சர்வோதய இயக்கமானது. ஊருக்காகச் சேர்ந்து உழைப்பைக் கொடுக்கும் சிரமதானம் நாடெங்கும் பரவியது அதன் பிறகுதான். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்தில், பக்கத்திலிருந்த திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்.

பெற்றோர் ஏன் தயங்குகிறார்கள்?

பெற்றோரின் தயக்கத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். கிழக்கில் அந்தத் தயக்கத்துக்கு வரலாறு இருக்கிறது. போர்க்காலத்தில், 1990 செப்டெம்பரில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகமே அகதி முகாமாக இருந்தது. அம்மாதம் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டு செல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. பிள்ளைகள் எந்த அமைப்பிலும் பெயர் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய தாய் 'சங்கம்' என்று கேட்டதும் முகம் மாறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் பகிடிவதை. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருந்தும் அது ஒழிந்துவிடவில்லை. சிரேஷ்ட மாணவர் அதட்டி அழைத்துச் சென்று கனிஷ்ட மாணவரைக் கொண்டு செய்விக்கும் 'சிரமதானம்' தொண்டுக் கணக்கில் வராது. வர மறுக்க முடியாத இடத்தில் தொண்டு இல்லை. சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முதல் வருட மாணவர் உரசிப் பார்க்க வேண்டிய முதல் விடயம் இதுவே.

வளர்ச்சி எந்த வழியில் நடக்கிறது?

அமெரிக்க உயர்கல்வி ஆய்வாளர் அலெக்சாண்டர் அஸ்டின் 1984இல் மாணவர் ஈடுபாடு பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். மாணவர் எவ்வளவு உடல் உழைப்பையும் மன உழைப்பையும் இடுகிறாரோ அந்த அளவுக்கே கற்றலும் வளர்ச்சியும் கிடைக்கும் என்பது அதன் சாரம். எத்தனை மணித்தியாலம் என்ற அளவோடு, அந்த நேரத்தில் மனம் எங்கே இருந்தது என்ற தரத்தையும் அவர் சேர்த்தே பார்த்தார். ஐந்து சங்கங்களில் உறுப்பினராக இருப்பவரைவிட ஒரே சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை இரண்டு வருடம் சுமந்தவர் அதிகம் பெறுவது இதனால்தான்.

அதே ஆண்டில் அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப், அனுபவம் கற்றலாக மாறும் விதத்தை நான்கு படிகளாக விளக்கினார்: ஒன்றைச் செய்வது, செய்ததை நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு விதியை எடுப்பது, அந்த விதியை அடுத்த முறை பரீட்சித்துப் பார்ப்பது. நம் வளாகங்களில் முதல் படி தாராளமாக நடக்கிறது. இரண்டாவது படிக்கு வருவதற்குள் குழு கலைந்து, படங்கள் பதிவேறி, அடுத்த நிகழ்ச்சிக்குப் பதாகை அச்சடிக்கப் போய்விடுகிறது.

நான்கு படிகளும் முழுமையாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதைக் காட்டப் படுவான்கரையில் ஓர் இலவச வகுப்பை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கத்துப் பாடசாலைகளில் கணிதத்துக்கு ஆசிரியர் கிடைப்பது கிழக்குக் கரையான எழுவான்கரையைப் போல இலகுவல்ல. விஞ்ஞான பீட மாணவி ஒருவர் க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாடு சொல்லிக் கொடுக்கப் போகிறார். "விளங்கியதா?" என்று கேட்டால் முழு வகுப்பும் "ஓம்" என்கிறது. கணக்கைக் கொடுத்தால் ஒருவருக்கும் விடை வரவில்லை. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்க்கிறார். நாலில் மூன்றிலிருந்து மூன்றில் இரண்டைக் கழிக்க வேண்டிய இடத்தில், பிள்ளை மேலே இருப்பதிலிருந்து மேலே இருப்பதையும் கீழே இருப்பதிலிருந்து கீழே இருப்பதையும் கழித்து, ஒன்றின் கீழ் ஒன்று, ஆகவே விடை 1 என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறது. சரியான விடை பன்னிரண்டில் ஒன்று.

அந்த அடிக்கோடு மாணவிக்கு நிறையச் சொல்கிறது. தடை இருபடிச் சமன்பாட்டில் இல்லை. சின்ன வகுப்பிலேயே கைநழுவிய பின்னத்தில் இருக்கிறது. "ஓம்" என்பது விளங்கியதற்கான பதிலல்ல, வந்திருக்கும் அக்காவுக்குக் காட்டும் மரியாதை. அடுத்த சனிக்கிழமை தயாரித்து வைத்த பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு தாளை மடித்துப் பின்னத்திலிருந்து தொடங்குகிறார். பிறகு "விளங்கியதா?" என்று கேட்பதையே விட்டு, "இதைச் செய்து காட்டுங்கள்" என்கிறார். எதிரில் இருப்பவருக்கு உண்மையில் எது புரியவில்லை என்று கண்டுபிடிக்கும் இந்தத் திறமை, பின்னர் அவர் வங்கியில் இருந்தாலும் வைத்தியசாலையில் இருந்தாலும் நாளாந்தம் தேவைப்படும். ஒரு நாள் கருத்தரங்கு நடத்தி, ஒலிவாங்கியில் பேசி, கைதட்டல் வாங்கித் திரும்பியிருந்தால் அந்தக் கொப்பி அவர் கண்ணில் பட்டிருக்காது.

வெள்ள நிவாரணம்: பொதியைவிடப் பட்டியல் கடினம்

2011 ஜனவரி வெள்ளம் முதல், மட்டக்களப்பும் அம்பாறையும் நிவாரணப் பணிக்குப் பழகிப்போன மாவட்டங்கள். பணம் சேர்ப்பதும் பருப்பு, சீனி, மா பொதி கட்டுவதும் உண்மையில் எளிய பாகம். சிக்கல் பட்டியலில் தொடங்குகிறது.

கையில் 100 பொதி, ஊரில் 130 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பட்டியல் இருக்கும். பாடசாலையில் தங்கியிருப்போர் அதில் இருப்பார்கள். உறவினர் வீட்டில் ஒண்டியிருப்போர் விடுபட்டிருக்கலாம். ஒரே வீட்டில் மணமுடித்த இரண்டு மகள்மார் இருந்தால் அது ஒரு குடும்பமா, மூன்றா? நேற்று வேறொரு அமைப்பு வந்து பாதி ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இன்று யாருக்கு முதலிடம்? வரிசையின் முன்னே நின்று உரத்துப் பேசுபவருக்கா, வெளியே வராத விதவைக்கா?

இருபத்திரண்டு வயதில் இந்தக் கேள்விகளுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிவெடுத்து, அந்த முடிவை முப்பது குடும்பங்களின் முகத்துக்கு நேரே நின்று விளக்க வேண்டிவரும்போது, விரிவுரை மண்டபத்தில் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. பிரதேச செயலகத்தில் யாரிடம் பேச வேண்டும், ஏன் முன்கூட்டியே பேச வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. பொதி கொடுக்கும் கணத்தைப் படம் எடுப்பது பற்றிய சர்ச்சைக்கும் பதில் இங்கேயே இருக்கிறது: நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டும் கையொப்பப் பட்டியலும் போதும். வாங்குபவரின் முகம் அதற்குத் தேவையில்லை.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். தினமும் போய்வரும் வீதியே நீர் பெருகும்போது என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பயிற்சியில்லாத மாணவர்கள் ஓடும் நீரில் இறங்குவதைத் துணிச்சல் என்று மெச்சுவதை நிறுத்த வேண்டும். சமையல், பட்டியல், முதலுதவி, வெள்ளம் வடிந்த பின் கிணறு இறைத்தல் என்று கரையில் செய்ய வேண்டிய வேலை போதிய அளவு இருக்கிறது.

நட்ட கண்டல் எத்தனை உயிரோடு இருக்கிறது?

வாவிக் கரையில், உவர்நீரில் வளரும் கண்டல் மரம் நடுவது வளாகங்களுக்குப் பிடித்தமான நிகழ்ச்சி. இலங்கையில் கண்டல் மீள்நடுகை நடந்த 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நட்டதில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டயரே தேறியதாகக் கண்டது. 9 இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பொருத்தமில்லாத நிலத்தில் நட்டது, மாடுகள் மிதித்தது, நட்ட பின் எவரும் திரும்பிப் பார்க்காதது ஆகியவை காரணங்களில் சில.

இவ்வளவு தோல்வியும் நட்ட நாளில் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அன்று எல்லாக் கன்றும் பச்சையாகத்தான் நிற்கும். ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போய் உயிரோடிருப்பவற்றை எண்ணும் குழுதான், நீர்மட்டம் ஏறி இறங்குவதையும் அங்கே மாடு மேய்ப்பவரோடு பேசியிருக்க வேண்டியதையும் கற்றுக்கொள்கிறது. கோல்ப் சொன்ன இரண்டாம் படி அந்த எண்ணிக்கைதான். அந்த இரண்டாவது பயணத்துக்கு எந்தச் சங்கமும் பதாகை அடிப்பதில்லை, பெரும்பாலும் பஸ்ஸும் கிடைப்பதில்லை.

வீதியோரத்து ஊர்களும் வளாகமும்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் பஸ்ஸில் போகிறவர் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருவதைப் பார்க்கலாம். ஒரே வீதி, ஒரே மொழி. ஆனாலும் பாடசாலை வேறு, மைதானம் வேறு. பதின்மூன்று வருடம் பாடசாலைக்குப் போய் முடித்த ஒருவர், பக்கத்து ஊரில் நண்பர் என்று சொல்ல ஒருவரும் இல்லாமலே வளாகத்துக்கு வரக்கூடும். சிங்கள மாணவர்களோடு ஒரே விடுதியில் இருப்பதும் பலருக்கு வாழ்வில் முதல் தடவை.

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் காட்டிய ஒன்று இங்கே பொருந்துகிறது. புதிய வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் வழியே அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும். தூரத்துப் பழக்கமே வேறு வட்டத்துக்கு வழி. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ரொபேர்ட் புட்னம் இதை இன்னொரு விதமாகப் பிரித்தார்: ஒரே கூட்டத்தை இறுக்கும் உறவு ஒன்று, வெவ்வேறு கூட்டங்களை இணைக்கும் உறவு இன்னொன்று.

மதம், ஊர், மொழி வாரியான சங்கங்கள் முதல் வகையைத் தருகின்றன. வீட்டை விட்டு முதன்முறை வந்த பிள்ளைக்கு அந்த ஆதரவு தேவை. அதைக் குறை சொல்ல முடியாது. நான்கு வருடமும் அதற்குள்ளேயே கழிந்தால்தான் இழப்பு. இனக்கலப்பு விழாக்களில் ஒரு தமிழ்ப் பாட்டும் ஒரு சிங்களப் பாட்டும் பாடிக் கலைவதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பதே என் கணிப்பு. இரத்ததான முகாமில் பதிவு மேசையில் ஒருவர், படுக்கைப் பக்கம் ஒருவர், குளிர்பானம் கொடுக்க ஒருவர் என்று மூன்று மொழிப் பின்னணிகள் ஒரு காலைப் பொழுதை ஓட்டும்போது, 'உங்கள் நிறை 50 கிலோவுக்குக் குறைவு', 'கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் ஆகவில்லை' என்பதையெல்லாம் மனம் நோகாமல் சொல்ல, தெரியாத மொழியில் நாலு வாக்கியமாவது கற்றுக்கொள்ள வேண்டிவருகிறது. வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் விழாவில் இல்லை.

நேரக் கணக்கு

பெற்றோரின் கேள்விக்கு எண்களில் பதில் சொல்லலாம். பட்டங்களுக்கான தேசிய அளவுகோலான இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளிக்கு (credit) மாணவர் 50 மணித்தியாலம் உழைக்க வேண்டும். விரிவுரை, செய்முறை, சொந்தப் படிப்பு, பரீட்சை எல்லாம் அதற்குள் அடங்கும். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 புள்ளி. அதாவது வருடத்துக்கு 30, அரையாண்டுக்கு 15, ஆக 750 மணித்தியாலம். அதை 15 கிழமைகளுக்குப் பங்கிட்டால் கிழமைக்கு 50 மணித்தியாலம்.

இதற்கு மேல் கிழமைக்கு நாலைந்து மணித்தியாலம் தொண்டுக்குக் கொடுப்பது ஒரு சராசரி மாணவருக்கு இயலும். பதினைந்து என்றால் படிப்பிலோ தூக்கத்திலோ கை வைக்கிறோம். பகுதிநேர வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவருக்கு அந்த நாலைந்தும் கிடையாது. அவரை 'ஈடுபாடு இல்லாதவர்' என்று மதிப்பிடுவது அநியாயம்; வீட்டைத் தாங்கும் பொறுப்பும் பொறுப்புதான்.

வேலைச் சந்தை எதைப் பார்க்கிறது?

அதே தகைமைகள் சட்டகம், பட்டதாரியிடம் இருக்க வேண்டியவற்றைப் 12 வகைகளாக வகுக்கிறது. பாட அறிவும் அதன் பிரயோகமும் அவற்றில் சில மட்டுமே. தொடர்பாடல், குழுவாக இயங்குதல், தலைமைத்துவம், பிரச்சினை தீர்த்தல், சமூகத் திறன், மாற்றத்துக்கு ஈடுகொடுத்தல், விழுமியம் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. விரிவுரையாலும் பரீட்சைத் தாளாலும் மட்டும் இவை வளர்வது கடினம் என்பதால்தான் வெளிப்பணி முக்கியமாகிறது.

ஆனால் சான்றிதழ் இவற்றை அளப்பதில்லை. அது ஒருவர் வந்தார் என்பதற்கான பதிவு. நேர்முகத்தில் "உறுப்பினராக இருந்தேன்" என்பவரிடம் அடுத்த கேள்வி எழாது. "முகாமுக்கு வர ஒப்புக்கொண்டவர்களில் பாதிப் பேர் வரவில்லை, அடுத்த முறை முதல் நாள் மாலை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பேசினோம்" என்பவரிடம் கேட்க நிறைய இருக்கும்.

பொறுப்பு யாருக்குப் போகிறது?

நாட்டின் பல்கலைக்கழக மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். சங்கப் பதவிகளில் தலைவர் ஆண், செயலாளர் பெண் என்ற பங்கீடு மட்டும் ஏதோ எழுதப்படாத யாப்பு போலத் தொடர்கிறது. அறிக்கை எழுதுவதும் தேநீர் ஏற்பாடும் பெண்களிடம், மேடையும் வெளியார் சந்திப்பும் ஆண்களிடம். வளர்ச்சி பொறுப்பின் வழியே வருகிறது என்றால், இந்தப் பங்கீட்டில் யார் வளர்கிறார், யார் உழைக்க மட்டும் செய்கிறார் என்று கேட்காமல் இருக்க முடியாது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. வர முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? பதில் மழுப்பலாக இருந்தால் விலகி நிற்பது நல்லது.

2. கடந்த வருடம் செய்த வேலையின் இன்றைய நிலை என்ன? நட்ட மரம், நடத்திய வகுப்பு, கட்டிக் கொடுத்த நூலகம் எதுவானாலும் யாராவது மீண்டும் போய்ப் பார்த்தார்களா?

3. பணத்துக்குப் பொறுப்பு யார்? விரிவுரையாளர் ஒருவர் பெரும்பொருளாளராக இருந்து கையொப்பமிடும் கணக்கு இருக்கிறதா, தனிப்பட்ட ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போகிறதா? நிவாரணக் காலத்தில் இதில்தான் நல்ல பெயர்கள் கெடுகின்றன.

4. ஊர் கேட்டதா, நாங்கள் முடிவு செய்ததா? அதிபரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ முதலில் பேசியிருந்தால், வர்ணம் பூசுவதற்குப் பதில் கணித வகுப்பு கேட்டிருப்பார்கள்.

5. முதல் வருடத்தவருக்கு எப்போது பொறுப்புக் கிடைக்கும்? கதிரை அடுக்குவதில் தொடங்குவதில் தவறில்லை; மூன்றாம் வருடத்திலும் கதிரையே அடுக்க வேண்டியிருந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

பல்கலைக்கழகங்கள் இதற்காகப் பெரிய திட்டம் தீட்ட வேண்டியதில்லை. பரீட்சை அட்டவணையை முன்கூட்டி வெளியிட்டால் சங்கங்கள் தம் நாட்களை அதற்கேற்ப வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பின் அரை மணித்தியாலம் அமர்ந்து பேசி எழுதிய ஒரு பக்கக் குறிப்பைக் கேட்டுவிட்டுச் சான்றிதழில் கையொப்பமிடலாம். படுவான்கரைக்குச் சனிக்கிழமைகளில் ஒரு பஸ் ஒழுங்கு செய்து, இருட்டுவதற்கு முன் அது விடுதி வாசலுக்குத் திரும்பிவிடும் என்று எழுத்தில் கொடுத்தால், வீட்டில் அனுமதி கிடைக்காமல் பின்தங்கும் மாணவிகளில் பலர் அதில் ஏறுவார்கள்.